பெட்டி நம்ம ஊருக்கு வரவில்லை: 1952 சர்வதேசத் திரைப்பட விழா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் ஒரு டியூஷன் சென்டர் மொட்டை மாடியில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுகிறோம். நாற்பது பேர் வந்தால் மாடி நிறைந்துவிடும். இந்த வருஷம் 1952ல் நடந்த இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டிய படங்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தோம். அதிலிருந்து படம் முடிந்ததும் ஒரே மாதிரிக் கேள்விகள். கிருஷ்ணகிரி, அரூர், பாலக்கோட்டிலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருப்பதால் பாதிப் பதிலோடு போய்விடுகிறார்கள். மீதிப் பாதி இங்கே.

அந்த விழா எப்போது, எங்கே நடந்தது? யார் நடத்தினார்கள்?

1952 ஜனவரி 24ஆம் தேதி பம்பாயில் தொடங்கியது, பிப்ரவரி 1 வரை அங்கே நடந்தது. நடத்தியது மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன். தியேட்டரில் படத்துக்கு முன்னால் செய்திப்படம் போடுவார்களே, அதைத் தயாரித்த அதே பிலிம்ஸ் டிவிஷன்தான். 1948ல் ஆரம்பித்த, நாலு வயதே ஆன அமைப்பு. பிரதமர் நேருவின் ஆதரவு பின்னால் இருந்தது. 23 நாடுகள் கலந்துகொண்டன, சுமார் 40 முழுநீளப் படங்கள், 100 குறும்படங்கள். ஆசியாவில் இப்படி ஒரு விழா நடந்தது அதுதான் முதல் தடவை. பம்பாயில் முடிந்ததும் விழாவை அப்படியே சென்னை, டெல்லி, கல்கத்தா என்று கொண்டுபோனார்கள். டெல்லியில் நேருவே பிப்ரவரி 21ஆம் தேதி தொடங்கிவைத்தார்.

அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். நாட்டின் முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் 25ல் தொடங்கி, 1952 பிப்ரவரி 21ல்தான் முடிந்தது. ஒரு பக்கம் எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான பேர் சின்னம் பார்த்து முதல் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதே மாதங்களில் இன்னொரு பக்கம் இத்தாலிக்காரனும் ஜப்பான்காரனும் எடுத்த படங்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு இருந்த நாடு இதையும் சேர்த்துச் செய்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

ஒரே விழாவை ஊர் ஊராக எப்படிக் கொண்டுபோனார்கள்?

பெட்டியில்தான். நம்ம பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் "பெட்டி வந்தாச்சா?" என்று டென்ட் கொட்டாய் வாசலில் காத்துக்கிடந்த கதையைச் சொல்வார்கள். படச்சுருள் தகர டப்பாவில் இருக்கும், டப்பாக்கள் பெட்டியில் இருக்கும். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஓடுவது பதினோரு நிமிஷம்தான், ஆக ஒன்றரை மணி நேரப் படத்துக்கே எட்டு ஒன்பது சுருள் வேண்டும். நாற்பது படம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், கூடவே நூறு குறும்படம் வேறு. அந்தக் காலம் வரைக்கும் சினிமாவுக்குப் பயன்பட்ட நைட்ரேட் பிலிம் பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் வகை, தீப்பிடிக்காத பிலிம் அப்போதுதான் பரவலாக வர ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு போகிறோம், அன்றைக்கு அது சின்னக் குடும்பம் வீடு மாறுகிற அளவுக்கு வேலை.

அந்த விழாவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இந்தப் பயணம்தான். பம்பாயில் நட்சத்திரங்களைக் கூப்பிட்டு விருந்து வைத்து அதோடு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை, பார்க்கிறவன் இருக்கிற இடத்துக்குப் படத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்தப் பிரபலம் வந்தார், எந்தப் படம் பெயர் வாங்கியது என்றே எழுதுகிறார்கள். நான் பெட்டியைத்தான் முதலில் வைப்பேன்.

அப்போது நம்ம ஊர்க்காரர் யாராவது போய்ப் பார்த்திருப்பார்களா?

பார்த்திருந்தால் சென்னைக்குப் போய்த்தான் பார்த்திருக்க வேண்டும். அப்போது தருமபுரி தனி மாவட்டமே கிடையாது, சேலம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ல், கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004ல். சென்னைக்கு ரயிலேற மொரப்பூர் போக வேண்டும், இன்றைக்கும் நம்மில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறோம். இத்தனைக்கும் சினிமா நமக்குத் தூரமாக இல்லை. பக்கத்துச் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ 1930களிலிருந்தே வரிசையாகப் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. படம் பிறக்கிற இடம் கூப்பிடு தூரம், உலகப் படம் மட்டும் முந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நின்றுபோனது.

உலகத்திலேயே இதுதான் முதல் திரைப்பட விழாவா?

இல்லை. வெனிஸ்தான் மூத்தது, 1932ல் கடலோரத்து ஓட்டல் மாடியில் ஆரம்பித்தது. (மொட்டை மாடியில் படம் போடுவது ஒன்றும் குறைச்சலான விஷயமில்லை என்று எங்கள் பையன்களிடம் இதைச் சொல்லித்தான் தைரியம் கொடுத்தேன்.) 1937ல் நம்ம மராத்திப் படமான 'சந்த் துக்காராம்' அங்கே காட்டப்பட்டுப் பாராட்டு வாங்கியது. ஆனால் அது முசோலினி காலம். மேல் பரிசுக்கே முசோலினி கோப்பை என்று பெயர். 1938ல் அந்தக் கோப்பை ஒரு ஜெர்மன் படத்துக்கும் ஓர் இத்தாலியப் படத்துக்கும் போனதில் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றுக்கும் கோபம். சரி, நாமே ஒரு விழா நடத்துவோம் என்று பிரான்ஸ் கிளம்பியதுதான் கான் விழா. தொடக்க நாளாகக் குறித்தது 1939 செப்டம்பர் 1. அன்றைக்குத்தான் ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. விழா நின்றுபோய், போரெல்லாம் முடிந்து 1946 செப்டம்பரில்தான் ஒழுங்காக நடந்தது. அந்த வருஷம் பெரும் பரிசைப் பகிர்ந்துகொண்ட படங்களில் ஒன்று சேத்தன் ஆனந்த் எடுத்த 'நீச்சா நகர்', நம்ம நாட்டுப் படம். பெர்லின் விழா 1951ல் வந்தது. நம்முடையது அதற்கு அடுத்த வருஷம். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் நாம் ஒன்றும் தாமதமாகக் கிளம்பவில்லை.

என்னென்ன படங்கள் வந்தன?

இத்தாலியிலிருந்து வந்த மூன்றைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள்: டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', 'மிராக்கிள் இன் மிலன்', ரோஸலினியின் 'ரோம் ஓப்பன் சிட்டி'. ஜப்பானிலிருந்து 'யுகிவாரிசோ', பிரிட்டனிலிருந்து 'தி டான்சிங் பிளீஸ்', சோவியத் நாட்டிலிருந்து ஸ்டாலினை ஆகாயத்துக்கு உயர்த்திக் காட்டும் 'தி ஃபால் ஆஃப் பெர்லின்'. அமெரிக்கத் தரப்பில் வந்தவர் இயக்குநர் ஃபிராங்க் காப்ரா. 'தி ரிவர்' என்ற படமும் அமெரிக்கக் கணக்கில்தான் வந்தது. ஆனால் அதை எடுத்தது பிரெஞ்சுக்காரரான ரெனுவார், எடுத்த இடம் கல்கத்தா பக்கம் ஹூக்ளி நதிக்கரை. அமெரிக்காவும் சோவியத்தும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு பேர் படமும் ஒரே விழாவில் ஓடின.

இந்தியாவிலிருந்து நான்கு: ராஜ்கபூரின் 'ஆவாரா', சாந்தாராம் எடுத்த மராத்திப் படம் 'அமர் பூபாளி', வங்காளத்து 'பாப்லா', தெலுங்கிலிருந்து 'பாதாள பைரவி'.

அண்ணா, தமிழ்ப் படம் ஒன்றுகூட இல்லையா?

அந்த நான்கில் இல்லை. ஆனால் 'பாதாள பைரவி' சென்னையில் எடுத்த படம், கே.வி. ரெட்டி இயக்கத்தில் விஜயா புரொடக்ஷன்ஸ் எடுத்தது. அதே 1951ல் தமிழிலும் வந்து நம்ம பக்கத்து டென்ட் கொட்டாய்களிலெல்லாம் சக்கைப்போடு போட்டது. எஸ்.வி. ரங்காராவின் மந்திரவாதியைப் பற்றிப் பேசாத தாத்தா இங்கே உண்டா? அதனால் விழாப் படம் ஒன்றாவது வேறு வழியாக நம்ம ஊருக்கு வந்துவிட்டது.

எந்தப் படத்துக்கு முதல் பரிசு?

யாருக்கும் இல்லை. 1952 விழாவில் போட்டியே கிடையாது. நம்ம பக்கத்து வழக்கில் சொன்னால் அது மாரியம்மன் திருவிழா மாதிரி, எருது விடும் விழா மாதிரி இல்லை. யார் மாடு எத்தனை நொடியில் ஓடியது என்று பார்க்கிற வேலை வைக்கவில்லை. 1961ல் டெல்லியில் நடந்த இரண்டாவது விழாவிலும் அப்படித்தான். 1965 ஜனவரியில் டெல்லியில் நடந்த மூன்றாவது விழாவில்தான் முதன்முதலாகப் போட்டி வைத்தார்கள். நடுவர் குழுவுக்குத் தலைவர் சத்யஜித் ரே. மேல் பரிசான தங்க மயில் விருது வாங்கியது இலங்கையின் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த 'கம்பெரலிய' என்ற சிங்களப் படம். பெரிய நாடுகள் எல்லாம் இருக்கும்போது பக்கத்துத் தீவின் கிராமத்துக் கதை ஒன்று அதை வாங்கியது.

போட்டி வந்தது நல்லதா கெட்டதா என்று அடுத்த கேள்வி வரும். பரிசு இருந்தால் பத்திரிகை வரும், பணம் வரும், வெளிநாட்டுக்காரர்களும் நல்ல படங்களைத் தருவார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் ஊர் ஊராகப் பெட்டி போன அந்த முதல் வருஷத்து மனசு எனக்கு மேல் என்று படுகிறது.

'பைசைக்கிள் தீவ்ஸ்' பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? சைக்கிள் தொலைந்த கதைதானே?

ஆமாம், சைக்கிள் தொலைந்த கதைதான். போர் முடிந்த ரோம் நகரம். ரொம்ப நாளாக வேலையில்லாத ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது, சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிள் அடகில் இருக்கிறது. அதை மீட்க அவன் மனைவி வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை உருவிக் கொண்டுபோய் அடகு வைக்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகிறது. அடுத்த நாள் அவனும் சின்ன மகனும் ஊரெல்லாம் தேடி அலைகிறார்கள். படத்தில் தகப்பனாக நடித்தவர் நிஜத்தில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. செட் போடாமல் தெருவிலேயே எடுத்த படம்.

அரண்மனையும் மந்திரவாதியும் டூயட்டும் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள். பணமில்லாதவனைப் பற்றி, பணமில்லாமல், தெருவில் நின்று படம் எடுக்கலாம் என்பதை அன்றைக்குச் சினிமாக்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள். பிமல் ராய் அந்த விழாவில் இத்தாலியப் படங்களைப் பார்த்த பாதிப்பில்தான் 'தோ பீகா ஜமீன்' எடுத்தார், 1953ல் வந்தது, அடுத்த வருஷம் கான் விழாவில் பரிசு வாங்கியது. துண்டு நிலத்தைக் காப்பாற்றக் கல்கத்தாவுக்குப் போய் ரிக்ஷா இழுக்கும் விவசாயியின் கதை. பென்னாகரம் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் வந்தவர்கள் அதை எங்கள் மாடியில் பார்த்தபோது இடைவேளை விட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

'பைசைக்கிள் தீவ்ஸ்' போட்ட அன்று நடந்ததையும் சொல்கிறேன். அடகுக் கடை ஊழியர் அந்த விரிப்பு மூட்டையை வைக்க அலமாரி மேலே ஏறிக்கொண்டே போவார், கூரை வரைக்கும் அதே மாதிரி மூட்டைகள் அடுக்கியிருக்கும். ஒரு வசனமும் கிடையாது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "ஐயோ, ஊரே வெச்சிருக்குதே" என்றார் சத்தமாக. அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, இத்தாலியமும் தெரியாது. டி சிகா அந்த இடத்தில் சொல்ல வந்ததை எந்தப் புத்தகத்திலும் நான் அவ்வளவு சரியாகப் படித்ததில்லை.

சத்யஜித் ரே இந்த விழாவில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் 'பதேர் பாஞ்சாலி' எடுத்தாராமே?

அப்படி நிறையப் பேர் எழுதுகிறார்கள், ஆனால் சரியில்லை. ரே ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தார், கம்பெனி 1950ல் அவரை லண்டனுக்கு அனுப்பியது, அங்கேதான் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்தார். அதற்கும் முன்னால், 1947லேயே நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியை, அதாவது சேர்ந்து படம் பார்க்கும் சங்கத்தை, ஆரம்பித்திருந்தார், ரெனுவார் 'தி ரிவர்' எடுக்க வந்தபோது இடம் பார்க்கக் கூடவே சுற்றியிருந்தார். விழா நடந்த அதே 1952ன் அக்டோபரில் 'பதேர் பாஞ்சாலி' படப்பிடிப்பைத் தொடங்கினார், 1955ல் படம் வந்தது. அவருக்குள் தீ ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. லண்டன் போக வாய்ப்பில்லாத மற்றவர்களுக்குத்தான் விழா பெரிய உதவி.

தமிழ் சினிமாவில் ஏதாவது மாறியதா?

உடனே பெரிதாக ஒன்றும் மாறவில்லை, மாறியது என்று சொன்னால் பொய். ஆனால் 'அந்த நாள்' இருக்கிறதே, 1954ல் ஏவி.எம். எடுத்தது, சிவாஜி நடித்தது, பாட்டே இல்லாத தமிழ்ப் படம். அதை இயக்கிய எஸ். பாலசந்தர், பின்னால் வீணை பாலசந்தர் என்று உலகம் கொண்டாடியவர், ஜப்பான் இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமான்' படத்தை ஒரு திரைப்பட விழாவில் பார்த்த தாக்கத்தில்தான் அந்தக் கதையை யோசித்தார். ஒரே கொலை, ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் கதை. ஆனால் ஜப்பான் காட்டை இங்கே கொண்டுவந்து ஒட்டவில்லை. 1943ல் சென்னையில் குண்டு விழுந்த நாளை எடுத்துக்கொண்டு முழுக்க நம்ம ஊர்க் கதையாக்கிவிட்டார். படம் பார்க்க இன்றைக்கும் புதுசாக இருக்கிறது. பார்க்காதவர்கள் முதலில் இதைப் பாருங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம்.

1952ல் ஆரம்பித்தது என்றால் 2024ல் ஏன் 55ஆவது விழா என்று சொன்னார்கள்? கணக்கு இடிக்கிறதே?

ஆரம்பத்தில் வருஷா வருஷம் நடக்கவில்லை. 1952, 1961, 1965, 1969, பிறகு 1974 கடைசியில் தொடங்கி 1975 ஜனவரி வரை ஒன்று. அதற்குப் பிறகுதான் அனேகமாக வருஷம் ஒன்று என்று ஆனது. விழாக்களைக் கவனிக்க 1973ல் தனி இயக்ககம் வந்தது. போட்டியுள்ள விழா ஒரு வருஷம் டெல்லியில், போட்டியில்லாத 'ஃபிலிமோத்சவ்' அடுத்த வருஷம் வேறு ஊரில் என்று கொஞ்ச காலம் ஓடியது. அப்படித்தான் 1978ல் சென்னைக்கு வந்தது, பெங்களூருக்கு 1980ல், ஹைதராபாத்துக்கு 1986ல், திருவனந்தபுரத்துக்கு 1988ல். 1991ல் மறுபடி சென்னை. 2004லிருந்து கோவாவிலேயே தங்கிவிட்டது.

என் சித்தப்பா 1991ல் மொரப்பூரில் ரயிலேறிப் போய் மூன்று நாள் பார்த்துவிட்டு வந்தார். என்ன படம் என்று கேட்டால் பெயர் எதுவும் ஞாபகமில்லை, ஒரு படத்தில் ஓர் ஆள் முழு நேரமும் பனியில் நடந்துகொண்டே இருந்தான் என்பார். அந்த நடையைத் திண்ணையில் நடந்து காட்டுவார். நான் சினிமாவுக்குள் வந்தது அந்தத் திண்ணை வழியாகத்தான்.

விழா இல்லாத வருஷங்களில் மக்கள் உலகப் படங்களை எப்படிப் பார்த்தார்கள்?

ஃபிலிம் சொசைட்டிகள் வழியாக. மெட்ராஸ் ஃபிலிம் சொசைட்டி 1950களிலேயே வந்துவிட்டது. 1959 டிசம்பரில் கல்கத்தா, டெல்லி, பம்பாய், சென்னை, பாட்னா, ரூர்க்கி சொசைட்டிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கின, அதற்கும் ரேதான் தலைவர். 1964ல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. பி.கே. நாயர் அங்கே இருந்துகொண்டு பழைய படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார், சேர்த்ததை ஊர்களுக்கு அனுப்பியும் வைத்தார். பாட்னாவும் ரூர்க்கியும் அந்தப் பட்டியலில் இருப்பதை எங்கள் பையன்களுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவேன். ரூர்க்கி அப்போது சின்ன ஊர்.

நம்ம ஊர் ஜனங்கள் இந்த மாதிரிப் படங்களைப் பொறுமையாகப் பார்ப்பார்களா?

இந்தக் கேள்வி வெளியூர்க்காரர்களிடமிருந்து வருவதில்லை, நம்மவர்களே கேட்கிறார்கள், அதுதான் வருத்தம். பதினெட்டு நாள் பாரதம் வைக்கிற ஊர் இது. ராத்திரி பத்து மணிக்குக் கட்டியங்காரன் வந்தால் விடியும்வரை கூத்து, கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் மண்ணில் கிடப்பதைப் பார்க்கக் கிராமமே வெயிலில் நிற்கும். கதை எல்லோருக்கும் முன்பே தெரியும், தெரிந்த கதையை எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்கத்தான் வருகிறார்கள். இதைவிடத் தேர்ந்த பார்வையாளர்களை எந்த விழா கொண்டுவந்துவிட முடியும்? படம் மெதுவாகப் போகிறது என்று எங்கள் மாடியில் எழுந்து போனவர்கள் அனேகமாகக் காலேஜ் பையன்கள்தான், கூத்து பார்த்து வளர்ந்த பெரியவர்கள் யாரும் எழவில்லை. சப்டைட்டில் வாசிக்க முடியாதவர்களுக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொல்வார், அது யாருக்கும் தொந்தரவாகவும் இல்லை.

நானே பார்க்கணும், எந்த வரிசையில் ஆரம்பிக்கலாம்?

'பைசைக்கிள் தீவ்ஸ்' முதலில். ஒன்றரை மணி நேரம்தான், வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கலாம். அடுத்து 'தோ பீகா ஜமீன்', இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தால் ஒன்று இன்னொன்றுக்குள் எப்படி இறங்கியிருக்கிறது என்று தானாகவே தெரியும். 'ரோம் ஓப்பன் சிட்டி'யில் சித்திரவதைக் காட்சிகள் இருப்பதால் குழந்தைகள் தூங்கிய பிறகு. 'தி ரிவர்' வண்ணப்படம், கைப்பேசியில் பார்த்து வீணாக்க வேண்டாம், பெரிய திரை கிடைக்கும்வரை காத்திருக்கலாம். 'தி ஃபால் ஆஃப் பெர்லின்' கடைசியில், அதுவும் வரலாற்றில் ஆர்வம் இருந்தால் மட்டும்.

அடுத்து என்ன படம் போடுகிறீர்கள்? கடைசி பஸ் கிடைக்குமா?

'மிராக்கிள் இன் மிலன்'. ஊருக்கு வெளியே குடிசை போட்டு வாழ்கிறவர்கள் கதை, ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட வரும். இருட்டினால்தான் திரை தெரியும் என்பதால் ஆறே முக்காலுக்குத்தான் தொடங்க முடியும், எட்டரைக்குள் முடித்துவிடுவோம். அரூர்க்காரர்கள் படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள், பேச்சை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். மாடித் தரை சாயங்காலம்கூடச் சூடாகத்தான் இருக்கிறது, ஆளுக்கொரு பாய் கொண்டுவந்துவிடுங்கள்.